இங்க் விழாத இடம்

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் போட்டோ கடைக்குள் வந்ததும் நாற்காலியைக் கண்டுகொள்ளவே இல்லை. சுவரில் இருந்த மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். போன மாதம் அவர் மகன் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர்தான் படம் எடுத்திருந்தார். மணமக்கள் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து ஹாலில் மாட்ட வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

"அம்முணி, கோயமுத்தூர்ல எங்க நங்கையா ஊட்டுல ஒரு போட்டோ மாட்டியிருக்குதுங். நாம நடந்தா போட்டோவுல வெளிச்சமும் கூடவே நடக்குது. வெள்ளித் தகட்டுல அடிச்சாப்பல மின்னுது. அதே மாதர வேணும். அதவிட ஒரு சாண் பெருசா வேணும்."

நங்கையா என்றால் அவருடைய கணவரின் அக்கா. ஒரு சாண் பெரிதாக என்பதில் இருந்த வீறாப்பு எனக்குப் பிடித்திருந்தது.

"அது மெட்டாலிக் பேப்பருங்கக்கா. வரவழைச்சு அடிச்சுக் குடுத்துடலாம்" என்றேன்.

"அப்பறம் இன்னொண்ணுங்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருமவப் புள்ள கொஞ்சம் நெறம் மட்டு. அதைய மட்டும் வெளுப்பாக்கிருங்க. எம்பட கண்ணுக்கு ஒரு கொறையும் இல்லீங், தங்கமான புள்ள. வர்றவிக போறவிக வாய அடைக்கோணுமல்லங்."

என் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். அந்தப் பெண்ணின் நிறம்தான் என் நிறமும். வெயில் காலத்தில் நான் ஒரு படி மேலே. அது அவர் கண்ணிலேயே படவில்லை. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "அதெல்லாம் ஜம்முனு பண்ணிப் போடலாமுங்" என்று குரல் கொடுத்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார்.

எங்கள் கடை சித்தூரில், பாலக்காடு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இருக்கிறது. படம் எடுப்பது அவர், அச்சடிப்பது நான். எடுக்கிறவர் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் முதல் வரிசையில் சாப்பிடுவார். அச்சடிக்கிறவள் உள் அறையில், ஏசிக் குளிரில், சால்வையைப் போர்த்திக்கொண்டு பிரிண்டரோடு மல்லுக்கட்டுவாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பந்தியில் போட்டதை மறுநாள் மறந்துவிடுவார்கள், நான் போட்டது சுவரில் இருக்கும்.

நான் பிறந்தது மலைமேல், ஆனைக்கரையில். அப்பாவும் அம்மாவும் ஏலக்காட்டில் வேலை பார்த்தவர்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதனால் தலைக்கு மேலே எப்போதும் மரக்கூரைதான். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், "நெழல்லயே வளந்தும் நீ எப்படி இத்தன கறுத்தே?" என்று என் நாத்தனார் நிஜமாகவே ஆராய்ச்சி பண்ணினாள். மலங்காட்டுக்காரி என்று ஒரு பட்டப் பெயரும் வைத்தாள். பதிலுக்கு நான் அவளுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

என்னுடைய கல்யாணப் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்போது என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஸ்டுடியோ முதலாளியே வந்து எடுத்தார். பிரியமாக எடுத்து, பிரியமாகவே என் முகத்தையும் கழுத்தையும் வெள்ளையாக்கினார். கையை மறந்துவிட்டார். படத்தில் மாவில் முக்கி எடுத்த முகத்தோடு ஒருத்தி சிரிக்கிறாள். அவள் மடியில் என்னுடைய இரண்டு கறுப்புக் கைகள் கிடக்கின்றன. ஆனைக்கரையில் அந்தப் படத்தைக் கையில் வாங்கிய என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது யாருடி?" என்பதுதான். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தப் படம் இன்றுவரை எங்கள் பீரோவுக்குள் துணிக்கு அடியில்தான் கிடக்கிறது.

இப்போது அந்த வேலைக்கெல்லாம் ஒரே தட்டு போதும். முகத்தை வெளுப்பாக்க என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் செய்து வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்து ஸ்டுடியோ எல்லாவற்றிலும் அது உண்டு. யாரும் கேட்கக்கூட வேண்டாம், கல்யாணப் படம் என்றால் அது தானாக நடந்துவிடும். இப்போதெல்லாம் கையையும் மறப்பதில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வந்துபோன சில நாள் கழித்து அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக ரோட்டைத் தாண்டி வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் வெளியே ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே கறுத்த வெல்ல உருண்டைகள்.

"எங்க ஊரு வெல்லம்க்கா. மறையூர். நீங்களும் மலைப் பக்கந்தானே? பேச்சுல தெரிஞ்சுச்சு."

"ஆனைக்கரை" என்றேன்.

"அதான் பாத்தேன்." கொஞ்ச நேரம் விரலைச் சொடுக்கிக்கொண்டு நின்றாள். "அத்தை உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருப்பாங்கள்ல?"

"சொன்னாங்க."

"அவங்க மேல எனக்குக் கோவமே கிடையாதுக்கா. காலையில நான் பஸ்ஸுக்கு ஓடுறதுக்குள்ள தோசையச் சுட்டு வாயில திணிச்சிட்டுத்தான் விடுவாங்க. ஆனா அந்தப் படம் ஹால்ல மாட்டப் போறது. காலம் பூரா அதுக்குக் கீழதான் நான் நடக்கணும். எனக்கு மேல வேற ஒருத்தி தொங்கிட்டிருந்தா எப்படிக்கா?"

அவள் பொட்டலத்தைக் காட்டினாள்.

"வெல்லம் வெளுப்பா இருந்தாத்தான் போகும்னு சில பேரு பாகுல மருந்து போடுவாங்க. எங்கப்பா போட விட மாட்டாரு. கறுத்தாலும் பரவால்ல, வெல்லம் வெல்லமா இருக்கணும்பாரு. வெல்லத்துக்கே போடாதவரு பொண்ணு நான்க்கா. எனக்குப் போட்டுருவீங்களா?"

பீரோவுக்குள் துணிக்கு அடியில் கிடக்கிறவள் நினைவுக்கு வந்தாள். அவளுக்காக அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. இவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கேட்கிறாள்.

"ஒன்னைய நீயாத்தான் மாட்டுவேன். நீ போ" என்றேன்.

அவள் படியிறங்கிப் போன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. படம் கேட்டது மாமியார். எடுத்தது என் வீட்டுக்காரர். வாக்குக் கொடுத்தது மட்டும் நான்.

கொச்சியிலிருந்து பேப்பர் மாதிரிகள் கூரியரில் வந்தன. மெட்டாலிக் என்ற ஒரே பெயரில் மூன்று வகை. முதலாவது பளபளவென்று புதுத் தகரம் மாதிரி இருந்தது, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல. இரண்டாவதில் மினுக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது. சிப்பியை உடைத்தால் உள்பக்கம் தெரியுமே, அந்த மாதிரி லேசான மஞ்சள் கலந்த வெள்ளி. மூன்றாவது சொரசொரப்பாக, பட்டுத் துணியைத் தடவியது போல இருந்தது. மூன்றையும் ஜன்னலுக்கு எடுத்துப் போனேன், டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டு வந்தேன், சாய்த்தேன், நிமிர்த்தினேன். இந்தப் பேப்பர்களை நேராக வைத்துப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நேராகப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல்தான். ஆள் அசைந்தால்தான் அதுவும் பேசும்.

முதலில் அதே கல்யாணத்திலிருந்து மற்றப் படங்களைச் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன். குத்துவிளக்கு எரிவது போலவே வந்தது. சமையல்கட்டில் இருந்த பித்தளை அண்டா படத்தைவிட்டு வெளியே வந்து நின்றது. வாழை இலையில் தெளித்த தண்ணீரைத் துடைக்க எனக்குக் கை போனது. நல்ல பேப்பர் கையில் கிடைக்கிறபோது வருகிற ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை இந்த வேலை செய்கிறவர்களிடம்தான் சொல்ல முடியும். அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அடுத்து மணமக்கள் படம். மாமியார் கேட்டபடி வெளுப்பாக்கியதையே முதலில் போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். கேட்டதைக் கொடுக்க வேண்டியது நம் கடமை, போட்டுத்தான் பார்ப்போம் என்று நானும் விட்டேன். பட்டனைத் தட்டினார். திரையில் அந்தப் பெண் பால்கோவா மாதிரி ஆனாள். பிரிண்டர் முனகிக்கொண்டே முன்னும் பின்னும் ஓடியது. தாள் வெளியே வந்தது.

மாப்பிள்ளை பரவாயில்லை. பட்டுச் சேலை பிரமாதம், ஜரிகை நிஜ ஜரிகையாகவே இருந்தது. அதற்கு மேலே ஒரு முகம், ஈரச் சாம்பலை அள்ளிப் பூசியது போல. உயிர் இல்லை. கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரியே இல்லை.

"பேப்பரு கெட்டுப்போச்சாட்டருக்குது" என்றார் அவர்.

"பித்தளை அண்டாவுக்குக் கெடாத பேப்பர் இவளுக்கு மட்டும் கெட்டுப்போச்சா?" என்றேன்.

பிரிண்டரில் இங்க் வருகிற ஓட்டை எதுவும் அடைத்திருக்கிறதா என்று சோதித்தார். இங்க் எல்லாம் ஒழுங்காகத்தான் இறங்கியது. இரண்டாவது பேப்பரில் போட்டார், மூன்றாவதில் போட்டார். சாம்பலின் பதம் மாறியதே தவிர சாம்பல் மாறவில்லை. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நான் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த முகத்தின்மேல் வைத்தேன்.

வைத்தவுடன் புரிந்துவிட்டது. முகத்தில் இங்க்கே இல்லை.

எங்கள் பிரிண்டரில் வெள்ளை இங்க் என்று ஒன்று கிடையாது. படத்தில் எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே அது ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போய்விடும். தாளின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. சாதாரணத் தாளில் இது யார் கண்ணிலும் படாது, தாளே பால் மாதிரி இருக்கும். மெட்டாலிக்கில் தாளுக்கு நிறம் வெள்ளி. அதனால் ஒரு முகத்தை எவ்வளவு வெளுக்க வைக்கிறோமோ அவ்வளவுக்கு அங்கே வெறும் தாள்தான் மிஞ்சும். அந்தப் பெண்ணை வெள்ளையாக்குகிறோம் என்று அவளை அங்கேயிருந்து எடுத்துவிட்டிருந்தோம். கண், புருவம், உதடு, மூக்குத்தி எல்லாம் இருந்தன. அவள் மட்டும் இல்லை.

டீக்கடையிலிருந்து வந்தவரிடம் சொன்னேன். பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்து, "அட" என்றார். உடனே வியாபாரி ஆகிவிட்டார். "அப்ப சுலபந்தான் புள்ள. சாதாக் கிளாஸிப் பேப்பர்ல வெளுப்பாவே போட்டுக் குடுத்தர்லாம். மெட்டாலிக்குனு அதுல எழுதியா வெச்சிருக்குது?"

"அந்தக்கா ஹால்ல நடந்து பார்ப்பாங்க. கூடவே வெளிச்சம் நடக்கலேன்னா படத்தை என் தலையிலதான் மாட்டுவாங்க."

"பின்ன என்ன பண்றது?"

"பட்டனைத் தட்டாத படத்தைக் குடுங்க. அவ அவளா இருக்கறதைக் குடுங்க."

கொடுத்தார். போட்டேன். இதற்கு நான் முகம் பூராவும் சிரிப்போடு காத்திருந்தேன் என்றால் நம்புங்கள். வெளியே வந்ததைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முகம் அப்படியே இருட்டுக்குள் இறங்கிப் போயிருந்தது. கண்ணிரண்டும் மூக்குத்தியும் மட்டும் மிதந்தன. கறுப்பான பெண்ணைப் படம் எடுத்தால் இப்படித்தான் வரும், அதனால்தான் எல்லாரும் வெளுப்பாக்குகிறார்கள் என்று ஊரில் சொல்வதற்கு நானே சாட்சி அச்சடித்து வைத்த மாதிரி இருந்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அந்தத் தாளை இரண்டாக மடித்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்த சில நாள் வேறு வேலை எதையும் நான் தொடவில்லை. தகரம் மாதிரி இருந்த முதல் பேப்பரை ஒதுக்கினேன். அது வெளிச்சத்தை மூஞ்சியில் அடிக்கிறது, மனுஷ முகத்துக்கு ஆகாது. பட்டு மாதிரி இருந்தது வெளிச்சத்தைச் சிதறடித்து முகத்தை மந்தமாக்கியது. மிஞ்சியது சிப்பி. அதிலிருந்த லேசான மஞ்சள் அந்தப் பெண்ணின் நிறத்தோடு சண்டை போடாமல் ஒத்துப் போனது. பிறகு படத்தில் வெளிச்சமான இடங்களைத் தொடவே இல்லை, அடர்ந்த நிழலையும் தொடவில்லை. நடுவில் இருக்கிற பழுப்பை மட்டும், சாதம் கொதிக்கிறபோது மூடியைச் சாய்த்துத் திறப்போமே, அவ்வளவு மெதுவாகத் திறந்துவிட்டேன். போட்ட தாளை உடனே பார்த்து முடிவு பண்ணக் கூடாது என்றும் தெரிந்துகொண்டேன். இந்தத் தாளில் இங்க் காய்ந்து அடங்கியபிறகுதான் நிழல் நிழலாகும். காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் கடைக்கு ஓடினேன்.

அந்தப் படத்தை என் வீட்டுக்காரர் எடுத்தது தாலி கட்டி முடிந்த நேரத்தில். ஹோமப் புகை, கூட்டம், மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்த வெயில். அந்தப் பெண்ணின் நெற்றியிலும் கன்னத்தின் மேட்டிலும் வேர்வையும் எண்ணெயும் மினுங்கியிருந்தன. சிப்பித் தாளில் முகம் பூராவும் இங்க் இறங்கியிருந்தது, நல்ல கெட்டியாக, நிறைவாக, அவள் நிறத்தில். வெயில் பட்ட அந்தக் கன்ன மேட்டில் மட்டும் இங்க் விழவில்லை. அங்கே தாள் தெரிந்தது, அந்தத் தாள்தான் வெயிலாக இருந்தது. நான் வலது பக்கம் நகர்ந்தேன், வெயில் மூக்கின் நுனிக்கு வந்தது. இடது பக்கம் நகர்ந்தேன், நெற்றிக்கு ஏறியது. முன்னே வெள்ளையாக்கியபோது முகம் பூராவும் இதே தாள்தான், அப்போது பிணம் மாதிரி கிடந்தது. இப்போது அதே தாள் உயிராகிவிட்டது.

கறுப்பு முகத்துக்காகவே யாரோ யோசித்துச் செய்த தாள் என்று எனக்குத் தோன்றியது. வெளுத்த முகத்தைக் காட்டிக்கொடுக்கிறது, கறுத்த முகத்தைத் தூக்கிக் காட்டுகிறது. கடை நடுவில் நின்று நான் கை தட்டினேன்.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். வெகு நேரம் பார்த்தார். "கொள்ளாமே" என்றார். பாராட்டு பலமாக இருந்தால் அவருக்கு மலையாளம் வந்துவிடும். பிறகு மெல்ல, "நம்ம கல்யாணத்துக்கு இந்தப் பேப்பரு இருந்திருக்கோணும்" என்றார்.

"பேப்பரா இல்லாம போச்சு? புத்தி இல்லாம போச்சு" என்றேன். அப்படிச் சொன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இனி மாமியார். வெள்ளையாக்கியதை ஒளித்துவிட்டு இதை மட்டும் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்டதைத் தராமல் ஏமாற்றினோம் என்று ஆகிவிடும், நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத்தான் அது பேச்சாக வரும். அதனால் இரண்டையும் முழு அளவில் போட்டேன். நங்கையா வீட்டுப் படத்தைவிட ஒரு சாண் பெரிதாகவே. வீட்டுக்கே எடுத்துப் போவோம், மாட்டப் போகிற சுவரில் வைத்துப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தோம். கடை டியூப்லைட்டில் இந்தத் தாளுக்கு நியாயம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். நெல் வயலைத் தாண்டி, தென்னந்தோப்பு முகப்பில் வீடு. ஹாலுக்குக் கிழக்கே பெரிய ஜன்னல் இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி தெம்பு வந்தது. மாப்பிள்ளை சோபாவை நகர்த்திக் கொடுத்தார். அந்தப் பெண் சமையலறை வாசலில், கையில் கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். கரண்டியைப் பிடித்திருந்த பிடியிலேயே எல்லாம் தெரிந்தது.

நான் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு முதலில் எச்சரித்தேன். "அக்கா, கண்ணால மட்டும் பாருங்க. மேல வெரல் படவே கூடாது. பட்டா அடையாளம் போகவே போகாது." கடையில் இதற்காக நான் எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். ஒரு தடவை அவர் தம்பியையே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

"தொடலீங், காட்டுங்" என்றார் மாமியார்.

வெள்ளையாக்கியதை முதலில் சுவரோடு சேர்த்துப் பிடித்தோம். அவர் நெருங்கி வந்தார். தள்ளிப் போனார். கண்ணைச் சுருக்கினார்.

"ஏனுங், என்ர மருமவ மூஞ்சில எதுக்கு இப்புடி சாம்பல அப்பி வெச்சிருக்கறீங்? மேலுக்கு முடியாதவளாட்ட இருக்குது!"

"நீங்க கேட்ட மாதிரி வெளுப்பாக்கினதுங்கக்கா. இந்தப் பேப்பர்ல வெளுப்பாக்கினா இப்படித்தான் வரும்" என்றேன். குரலில் எதையும் காட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் அடக்கமாகப் பேசிய சில தருணங்களில் அது ஒன்று.

"இன்னொண்ணையும் காட்டுங்" என்றார்.

காட்டினோம். ஜன்னல் வெயில் நேராக வந்து அதன்மேல் விழுந்தது. ஊரில் யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் வாங்கிய நான், ஒரு விவசாயி வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் படத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நடந்தார். ஜன்னல் பக்கமிருந்து கதவுப் பக்கம் வரை போனார், திரும்பி வந்தார். மறுபடியும் போனார். படத்தில் அந்தப் பெண்ணின் கன்னத்தில் வெயில் அவர் கூடவே போய்க் கூடவே வந்தது. அடுப்பில் எதுவோ தீயும் வாசனை வந்தும் அந்தப் பெண் அசையவில்லை.

"இதுல ஏதாச்சும் நெறம் ஏத்துனீங்களா அம்முணி?"

"ஏத்தலீங்கக்கா. எறக்கவும் இல்லீங்க. உங்க மருமக நெறமே அதுதானுங்க."

அவர் படத்தைப் பார்த்தார். திரும்பி வாசலில் நின்றவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். அந்தப் பெண் அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, தினமும் தோசை ஊட்டி அனுப்புகிறார். ஆனாலும் அவளை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. விறுவிறுவென்று அறைக்குள் போய்விட்டார்.

போச்சு என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் என் காதருகே, "சுருட்டிக்கலாமா?" என்றார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, விழவில்லை.

அதற்குள் மாமியார் திரும்பி வந்தார். வலது கை ஆட்காட்டி விரலைத் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். விரல் நுனியில் கண்மை. எனக்கு விஷயம் புரிவதற்குள் படத்துக்கு முன்னால் வந்துவிட்டார். "தொடாதீங்க" என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. கையும் தானாக உயர்ந்தது. அவர் விரலைப் படத்தில், அந்தப் பெண்ணின் கன்னத்து ஓரத்தில், வெயில் பட்ட அந்த மேட்டுக்குச் சற்றுக் கீழே அழுத்தி வைத்து எடுத்தார். கறுப்பாக, உருண்டையாக ஒரு திருஷ்டிப் பொட்டு.

உயர்ந்த கையைக் கீழே போட்டேன். சொல்லை விழுங்கினேன்.

"மூதேவிக் கண்ணெல்லாம் பட்டுப்போகுமல்லங்" என்றார் என்னைப் பார்த்து, நியாயம் சொல்வது போல. "இத்தன பெருசா மாட்டறோம். ஊரே வந்து பாக்கும்." பிறகு மருமகளிடம் போய், விரலில் மிச்சமிருந்ததை அவள் காதுக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்தார். "நீ ஏன் கண்ணு அழுவறே? அடுப்புல தீயுது பாரு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. பருத்திக் கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் வேலை ஞாபகம் வந்தது. "பொட்டு இல்லாம இன்னொண்ணு போட்டுத் தந்தர்றமுங்" என்று ஆரம்பித்தார். "இதுதான்" என்றேன் நான். "இதுதானுங்" என்றார் மாமியார். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

கண்மையில் எண்ணெய்ப் பசை உண்டு, படத்துக்கு மேலே போடுகிற பிளாஸ்டிக் பிலிம் அதன்மேல் ஒட்டாது. கண்ணாடி பட்டாலும் இழுகிவிடும். அதனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட்டு, பொட்டு கலையாமல் நானே முன்னின்று சட்டம் போட வைத்தேன். படத்தை மாட்டிய அன்று கோயம்புத்தூரிலிருந்து நங்கையாவையும் வரவழைத்திருந்தார்கள். கூட்டத்தில் நானும் ஒரு ஓரமாக நின்றேன். நங்கையா ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்து பார்த்தார், திரும்பி நடந்து பார்த்தார். கடைசியில் கிட்டே போய்க் கன்னத்தைக் காட்டி, "ஏனுங், இதென்ன போட்டோவுல ஒரு கறை?" என்று கேட்டார்.

மாமியார் மருமகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "கறையில்லீங். என்ர மருமவ அழகுக்கு நான் வெச்ச திருஷ்டிப் பொட்டு."